ஆலை நிலம் யாருக்கு?

உழைப்பவன் வியர்வையால் உயர்ந்த நிலம், விலை உயர்ந்தவுடன் அவனுக்கே அயல்நிலமாகி விடுவதா? மும்பையில் பரேலைச் சூழ்ந்த கிரண்காவ் என்னும் ஆலையூர் இவ்வினாவை எழுப்பி நிற்கின்றது.

1982-இல் அங்கு ஏறத்தாழ இரண்டரை இலக்கம் பஞ்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். அதன்பின் ஆலைகள் பல மீளத் திறக்கப்படவேயில்லை. ஆலை நிலங்களைப் பிற பயன்களுக்குத் திறந்துவிட்ட 1991-ஆம் ஆண்டு விதி, அவற்றை மூன்று கூறாக்கி, ஒன்று மாநகராட்சியின் பொதுவெளிக்கு, ஒன்று பொதுமக்கள் குடியிருப்புக்கு, ஒன்றே உரிமையாளர்க்கு என வகுத்தது. 2001-இல் அவ்விதி திருத்தப்பட்டது. கட்டடமில்லா வெற்றிடம் மட்டுமே பங்கிடப்படும் என்றனர். ஆலைகளிலோ பெரும்பகுதி கட்டடமே! முழுநிலத்தில் மூன்றிலொரு பங்கு, எஞ்சிய துண்டில் மூன்றிலொரு பங்காய்ச் சுருங்கிற்று. 2006-இல் உச்சநயன்மன்றமும் அத்திருத்தம் செல்லும் என்றது. ஆலைகள் இருந்த இடங்களில் வானுயர் மாளிகைகளும் பேரங்காடிகளும் எழுந்தன. தொழிலாளர்க்கோ 2012-இலிருந்து குலுக்கல் வழியே கொஞ்சங் கொஞ்சமாய் வீடுகள்!

குடியிருக்கும் உரிமையைக் குலுக்கலில் விடுவது அறமாகுமா? நிலப்பயனை மாற்றும் நாளிலேயே, அங்கு வாழ்வார்க்குரிய பங்கு முழுநிலத்தின்மேல் கணக்கிடப்பட்டு, பின் எவரும் குறைக்கவியலாவாறு உறுதிசெய்யப்படல் வேண்டும். ஒரு சொல்லை மாற்றி ஓர் ஊரையே பறிக்கும் கொடுமை இனியேனும் ஒழிக!