வரிசையில் அமர்ந்த வித்வான்

மேல்நாட்டுச் சங்கீதத்தைப் பற்றி எழுதுவோர், மேடையின் முன்னே தனித்து அமர்ந்து கீர்த்தி ஈட்டிய வித்வான்களின் சரித்திரத்தை விஸ்தாரமாகச் சொல்லிவிட்டு, அவர்களுக்குப் பின்னால் பலரில் ஒருவராக அமர்ந்து ஆயுள் முழுவதும் ஒரே வாத்தியக் கோஷ்டியில் ஊழியம் செய்து, மிஞ்சிய வேளையிலெல்லாம் இளம் பிள்ளைகளுக்கு வித்தை சொல்லிக்கொடுத்தவர்களை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இது பெரிய அநீதி என்பது என் அபிப்பிராயம். அதற்கு ஆதாரமாக ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துச் செல்லோ வித்வான் யூலியுஸ் கிளெங்கலின் வாழ்க்கையைச் சொல்வேன்.

1859இல் அந்நகரிலேயே பிறந்து 1933இல் அந்நகரிலேயே காலமான கிளெங்கல், பதினைந்தாம் வயதில் கேவாண்ட்ஹவுஸ் கோஷ்டியில் சேர்ந்தார். துணி வியாபாரிகளின் மண்டபத்தில் கச்சேரி செய்யத் தொடங்கியதால் அந்தப் பெயர் பெற்ற கோஷ்டி அது. கச்சேரி மண்டபத்திலும், நகரத்து ஆபெராவிலும், முன்னாளில் பாஹ் பணிபுரிந்த புனித தோமையார் ஆலயத்திலும் வாசிக்கும் கடமை அதன் வித்வான்களுடையது. இருபத்திரண்டாம் வயதில், 1881இல், அதன் தலைமைச் செல்லோ ஸ்தானம் அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு நகரத்துச் சங்கீதக் கல்லூரியில் ஆசிரியருமானார். ரைனெக்கே போய் நிக்கிஷ் வந்தார், நிக்கிஷ் மறைந்து ஃபுர்ட்வெங்க்ளர் வந்தார். கோஷ்டியை நடத்தியவர்கள் மாறினார்களே தவிர, செல்லோ வரிசையின் தலைப்பில் இருந்தவர் மாறவில்லை. 1924இல் அவருடைய ஐம்பதாண்டு சேவையைக் கொண்டாடிய கச்சேரியை ஃபுர்ட்வெங்க்ளரே நடத்தினார்.

தனி வித்வானாக விளங்கும் சக்தி இல்லாதவர்தாம் கோஷ்டியில் அடங்குவார், அதுவும் இயலாதவர் ஆசிரியராவார் என்று சிலர் சொல்வதுண்டு. ஐரோப்பா எங்கும் யாத்திரை செய்து தனிக் கச்சேரிகளில் புகழ்பெற்றவரும், செல்லோவுக்கென்று பல உருப்படிகளை இயற்றியவருமான கிளெங்கலுக்கு இந்தப் பேச்சு எவ்விதத்திலும் பொருந்தாது. யாத்திரை முடிந்ததும் அவர் தம் வரிசைக்குத் திரும்பிவிடுவார்.

அவர் பாடம் சொன்ன முறை என்னை மிகவும் கவர்கிறது. புரட்சிக்குப் பின் ருஷ்யாவிலிருந்து தப்பிவந்து அவரிடம் சேர்ந்த கிரிகோர் பியாடிகோர்ஸ்கி, பிற்காலத்தில் தம் சுயசரிதையில் அதை நினைவுகூர்ந்திருக்கிறார். கிளெங்கல் விளக்கம் சொல்வதும் திருத்துவதும் அபூர்வமாம். மாணவன் எடுத்த உருப்படியை முடிக்கும்வரை இடைமறியாமல் கேட்டு, இறுதியில் சுருக்கமாக ஒரு வார்த்தை சொல்வதோடு சரி. ஒருவர் வாசிப்பதை மற்றவர்கள் கூடியிருந்து கேட்டு, தம் குறையைத் தாமே உணர்ந்து திருந்துவார்களாம். இத்தகைய பொறுமை எங்கிருந்து வந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். தம் வில்லை நிறுத்தி வைத்துக்கொண்டு, பக்கத்திலும் பின்னாலும் எழும் நாதத்துக்குச் செவிகொடுத்து, தம் முறை வரும் தருணத்துக்காகக் காத்திருப்பதையே அரை நூற்றாண்டு சாதகமாகக் கொண்ட ஒருவருக்கு, ஒரு சிறுவன் தட்டுத்தடுமாறி வாசிப்பதைக் கடைசிவரை கேட்பது இயல்பான காரியமாகவே இருந்திருக்கும். கோஷ்டியில் வகித்த ஸ்தானமே அவரை ஆசிரியராக்கியது என்று நான் நம்புவது இதனால்தான்.

அவருடைய வகுப்பறையிலிருந்து வெளிவந்தவர்கள் யார் யார்! பெண்கள் செல்லோ வாசிப்பதே அரிதாயிருந்த நாளில் போர்ச்சுகலிலிருந்து வந்து கற்றுப்போன கில்ஹெர்மினா சுஜ்ஜியா. குருவின் சிபாரிசினாலேயே பதினாறு வயதில் கொலோன் நகரத்துக் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்த இமானுவேல் ஃபொயர்மான். பெர்லின் ஃபில்ஹார்மோனிக் கோஷ்டியில் தலைமைச் செல்லோ ஸ்தானத்தைப் பெற்ற பியாடிகோர்ஸ்கி. கிளெங்கலின் முதுமையில் லண்டனிலிருந்து பதின்மூன்று வயதுச் சிறுவனாக வந்து சேர்ந்த வில்லியம் பிளீத், பிற்காலத்தில் செல்லோ விதுஷி ஜாக்குலின் டு ப்ரேக்குக் குருவானார். எல்கர் இயற்றிய செல்லோ கான்செர்ட்டோவை டு ப்ரே 1965இல் வாசித்துப் பதிவு செய்ததைக் கேட்டு உருகுகிற ரசிகர்களில், லைப்சிக் நகரத்து அந்த வகுப்பறையை நினைப்பவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

செல்லோ பயில வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு கோஷ்டியின் வரிசையிலோ, ஒரு சின்னஞ்சிறு வகுப்பறையிலோதான் வாழப்போகிறவர்கள். அப்படியிருக்க, போட்டி மேடைகளையும் தனிக் கச்சேரிகளையுமே லட்சியமாகக் காட்டி அவர்களை வளர்த்துவிட்டு, பிறகு கோஷ்டியில் இடம் கிடைத்தால் அதைத் தோல்வியென்று எண்ணி அவர்கள் மனம் குமையும்படி செய்வது கொடுமையல்லவா? பாடத்திட்டம் வகுப்போரும் பத்திரிகைகளில் விமரிசனம் எழுதுவோரும் கிளெங்கலைப் போன்றவர்களின் வாழ்க்கையை அந்தப் பிள்ளைகளுக்கு முதலிலேயே எடுத்துச் சொல்ல வேண்டும்.

1920இல், நிக்கிஷின் அறுபத்தைந்தாம் பிறந்தநாளுக்கென்று, பன்னிரண்டு செல்லோக்கள் சேர்ந்து வாசிக்க ‘ஹிம்னுஸ்’ என்ற உருப்படியை கிளெங்கல் இயற்றினார். 1972இல் ஸால்ஸ்பர்க்கில் வானொலிக்காக அதை வாசிக்க பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கின் செல்லோ வித்வான்கள் பன்னிருவர் ஒன்றுகூடினர். அன்று கூடியவர்கள் அதன்பின் கலையவில்லை. அவர்களில் மூத்தவர்கள் ஓய்வுபெற, இளையவர்கள் வந்து அமர்ந்து, இன்றும் பன்னிருவராகவே வாசித்து வருகிறார்கள்.