385 கிலோமீற்றர், ஒண்டரை மணித்தியாலம்

கனடாவின் வடகோடியில், நுனாவுட்டில், ரெசொலூட் எண்டொரு ஊர். அங்கிருந்து கிரைஸ் ஃபியோர்டுக்கு வான்வழியாகக் கிட்டத்தட்ட 385 கிலோமீற்றர். ட்வின் ஒட்டர் என்ற சின்ன விமானத்தில் ஒண்டரை மணித்தியாலம். இணையத்தில தூரம் பார்க்கிறவைக்குக் கணக்கு இதோட முடிஞ்சுது.

ஆனால் இரண்டு ஊருக்கும் நடுவில தெரு இல்லை. கிரைஸ் ஃபியோர்டின் ஓடுபாதை சரளைக்கல், அதுவும் குட்டை, பக்கத்திலேயே மலை. காற்றுக் கூடினாலோ மேகம் இறங்கினாலோ காத்திருக்க வேண்டியதுதான்.

"ஏன் அங்க போய் இருக்கினம்?" எண்டு கேட்பது சுலபம். அவை தாங்களாப் போகேல்லை. 1953இல் கனடா அரசு, கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்து இனுயிட் குடும்பங்களைக் கப்பலில் ஏற்றி, ஏறக்குறைய 2000 கிலோமீற்றர் வடக்கே இந்த இரண்டு இடங்களிலும் இறக்கியது. 1955இல் இன்னும் சிலரை. இனுக்ஜுவாக்கில் மாரியிலும் சூரியன் தெரியும். இங்கே மாதக்கணக்கில் இருட்டு. பிடிக்காட்டி இரண்டு வருசத்தில திரும்பலாம் என்ற வாக்குக் காப்பாற்றப்படவில்லை. அரசு மன்னிப்புக் கேட்கவே 2010 ஆகிவிட்டது.

இண்டைக்குப் பிள்ளை பெறவும் பெரிய வருத்தத்துக்கும் கிரைஸ் ஃபியோர்டு ஆக்கள் தெற்கே இகலுயிட் ஆஸ்பத்திரி வரை பறக்க வேணும். அந்தப் பயணத்துக்கு அரசு குடுக்கிற காசைச் சலுகை எண்டு சொன்னால் நாங்கள் ஒத்துக்கொள்ள மாட்டம். அது கடன். அவையைக் கொண்டுபோய் இறக்கேக்க ஒருத்தரும் டிக்கெட் விலை பார்க்கேல்லைத்தானே?