நெல்லுக்கும் கருவிகளுக்கும் எஃகுக் கொட்டகை: விலை பேசுமுன் எழுத வேண்டியவை

தொழிற்சாலையிலேயே அளவுப்படி வெட்டித் துளையிட்டு, லாரியில் ஏற்றி வந்து, வயலருகில் போல்ட்டுகளால் பூட்டி நிறுத்தப்படும் எஃகுக் கொட்டகைகள் காவேரிப் பாசனப் பிரதேசத்திலும் அதையடுத்த கடற்கரைத் தாலூகாக்களிலும் சமீப வருஷங்களில் பெருகி வருகின்றன. கூரை வேய்வதற்குக் கீற்றும், அதை முறையாய் வேயத் தெரிந்த ஆட்களும் கிடைப்பது அருமையாகிவிட்டது. டிராக்டர், சுழற்கலப்பை, மருந்து தெளிக்கும் கருவிகள் ஆகியவற்றை வெயிலிலும் மழையிலும் போட்டு வைப்பது கடன் வாங்கிய பணத்தைத் துருப்பிடிக்க விடுவதற்குச் சமானம். ஆதலால் நிலக்கிழார்கள் இவ்விதக் கொட்டகையை நாடுவதில் ஆச்சரியம் இல்லை. ஆயின், அதை அவர்கள் வாங்கும் முறைதான் ஆட்சேபிக்கத்தக்கதாயிருக்கிறது.

சாதாரணமாய் நடப்பது யாதெனில், பக்கத்து ஊரில் ஒருவர் போட்டிருக்கும் கொட்டகையைப் பார்த்துவிட்டு, ‘அதே மாதிரி எனக்கும் ஒன்று, சதுர அடி என்ன விலை?’ என்று கேட்பதே. மாடு பிடிக்கச் செல்லும்போது பல்லைப் பார்த்து, சுழி பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்துப் பேரம் பேசும் அதே குடியானவர், அதைப்போல் பல மடங்கு விலையுள்ள கொட்டகையை இந்த ஒரு கேள்வியோடு வாங்கிவிடுகிறார். சதுர அடி விலை என்பது தரையின் பரப்பை மட்டுமே சொல்லும். தூணின் கனம், தகட்டின் கனம், அஸ்திவாரத்தின் ஆழம், எந்தக் காற்றுக்குக் கணக்கிடப்பட்டது என்பன அதில் அடங்கா. விலையைக் குறைத்துச் சொல்லும் வியாபாரி இவற்றில் ஒன்றையாவது குறைத்தே தீரவேண்டும்.

முதலில் நிர்ணயிக்க வேண்டியது கொட்டகையின் உபயோகம். பத்து ஏக்கர் சம்பா சாகுபடி செய்யும் ஒருவர், ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை 40 வீதம் 400 மூட்டை காண்கிறார் என்று வைத்துக்கொள்வோமாயின், அது 24 டன். நெல் கன மீட்டருக்கு சுமார் 575 கிலோ எடையுள்ளது. எனவே அத்தனை நெல்லும் 42 கன மீட்டருக்குள் அடங்கும். மூட்டைகளின் இடைவெளியையும் சேர்த்தால் 50 கன மீட்டர். பத்தடி உயரம் அடுக்கினால் அதற்கு வேண்டிய தரை சுமார் 180 சதுர அடியே. சுவரிலிருந்து விலக்கி அடுக்குவதற்கும், ஆள் போக வழி விடுவதற்கும் அதை இரட்டித்தாலும் 400 சதுர அடியைத் தாண்டாது. இத்தகையவர் நெல்லுக்கென்று சொல்லி 60 அடிக்கு 40 அடியில் 2,400 சதுர அடிக் கொட்டகை போடுவது காற்றுக்கும் எலிக்கும் இடம் கொடுப்பதே ஆகும். பெரிய கொட்டகை உண்மையில் கருவிகளுக்காகவே தேவைப்படுகிறது. அப்படியாயின் கதவின் அகல உயரங்களை அக்கருவிகளை அளந்தே தீர்மானிக்கவேண்டும். சக்கர அறுவடை இயந்திரங்களில் வெட்டும் பாகம் 14 அடி அகலம் உள்ளவை உண்டு; 12 அடிக் கதவு வைத்த கொட்டகைக்கு வெளியே அவ்வியந்திரம் மழையில் நிற்கவேண்டியதுதான்.

நெல்லைச் சேமிப்பதற்குத் தகரத்தைக் காட்டிலும் செங்கல்லே உத்தமம் என்று வாதிப்பவர்களும் உளர். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. பாபநாசத்தையடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கற் களஞ்சியம் ஒன்று இன்றும் நிற்கிறது. சுமார் 3,000 கலம் நெல் கொள்ளும் என்பர். கனத்த சுவரும் கூம்பிய கூரையும் உள்ள அதனுள் பகற் சூடும் இரவுக் குளிர்ச்சியும் எளிதில் புகா. மெல்லிய தகட்டின் சுபாவமோ வேறு. பகலில் கொதிக்கும் தகடு, தெளிந்த வானமுள்ள தை மாத இரவில் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துவிடும். உள்ளிருக்கும் ஈரக்காற்று அதன் அடிப்புறத்தில் பட்டு நீர்த்துளிகளாகி, மேல் வரிசை மூட்டைகளின்மேல் சொட்டும். கூரை ஒழுகுகிறதென்று பலர் கொத்தனைக் கோபிப்பது இதைக் கண்டுதான். தகட்டின் அடியில் வெப்பம் தடுக்கும் பாய் ஒட்டச் செய்வதும், முகட்டில் காற்றுப்போக்கி வைப்பதும், நெல்லை 14 சதவிகித ஈரத்துக்குக் கீழ் காயவைத்தே உள்ளே ஏற்றுவதும் இதற்குப் பரிகாரம். கொள்முதல் நிலையத்தில் 17 சதவிகிதம்வரை ஈரம் ஏற்கப்படுகிறதே என்று அதே நெல்லைத் தகரக் கொட்டகையில் மாதக் கணக்கில் மூடி வைப்பவர் முளையையும் பூஞ்சணத்தையும் காண்பார்.

இனி, கொட்டகை வாங்குவோர் எல்லாவற்றிலும் முக்கியமாய்க் கவனிக்கவேண்டியது காற்று. லண்டன் துறைமுகத்தில் பணிபுரிந்த ஹென்றி ராபின்ஸன் பாமர் என்ற இஞ்சினீயர் 1829-ல் நெளிதகட்டுக்கு உரிமை பெற்ற நாள் முதல், அதன் சிறப்பும் குறையும் ஒன்றே: அது மிக லேசானது. அரை மில்லிமீட்டர்க் கூரைத் தகடு சதுர மீட்டருக்கு சுமார் 5 கிலோதான். ஓட்டுக் கூரை தன் கனத்தாலேயே ஓரளவு தன்னைக் காத்துக்கொள்ளும். தகட்டுக்கு அந்தச் சக்தி இல்லை. இந்திய தரநிலை 875, மூன்றாம் பாகத்தின் 2015-ஆம் வருஷப் பதிப்பு, சென்னைக்கும் புதுச்சேரிக்கும் வினாடிக்கு 50 மீட்டர் என்றும், திருச்சிராப்பள்ளிக்கு 47 என்றும், மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் 39 என்றும் அடிப்படைக் காற்று வேகத்தை வகுத்திருக்கிறது. வினாடிக்கு 50 மீட்டர் என்பது மணிக்கு 180 கிலோமீட்டர். அவ்வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. 39 மீட்டரில் 93 கிலோ. கோயம்புத்தூரில் நன்றாய் நிற்கும் கொட்டகையின் வரைபடத்தை அப்படியே கடற்கரையில் கட்டலாகாது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

காற்று கூரையை அழுத்துவதைவிட மேலே உறிஞ்சி எடுப்பதே பெரும்பாலும் நிகழ்வது. 40 அடிக்கு 30 அடி அளவுள்ள, அதாவது 111 சதுர மீட்டர்க் கூரையை எடுத்துக்கொள்வோமாயின், சதுர மீட்டருக்கு 150 கிலோ வீதம் அதை மேலே இழுக்கும் விசை 16 டன்னுக்கு மேலாகும். சரிவையும் திறப்பையும் பொறுத்து இது கூடவோ குறையவோ செய்யும். அக்கொட்டகைக்கு எட்டுத் தூண்கள் என்று கொண்டு, ஊர்க் கொத்தனார் வழக்கப்படி ஒவ்வொன்றுக்கும் இரண்டடிக் கனசதுரமாய்க் கான்கிரீட்டு இட்டால், ஒன்றின் எடை சுமார் 540 கிலோ. எட்டும் சேர்ந்து நாலரை டன்கூட ஆகாது. எஃகின் சொந்த எடையைக் கூட்டினாலும் வித்தியாசம் மிகுதி. இக்கட்டடங்களில் அஸ்திவாரத்தின் வேலை பாரத்தைத் தாங்குவது மட்டுமன்று. கட்டடத்தைப் பூமியோடு பிடித்து நிறுத்துவதும் ஆகும். ‘லேசான கொட்டகைக்கு லேசான கடைக்கால் போதும்’ என்னும் வழக்குச் சொல் இங்கே முற்றிலும் தவறு. 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி விடியுமுன் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறிய ‘கஜா’ புயலைக் கண்டவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இந்தத் தரநிலையில் விவசாயிகள் அவசியம் அறிய வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. குடியிருப்பு அல்லாத பண்ணைக் கட்டடங்கள், இடிந்தால் உயிருக்கும் பொருளுக்கும் அபாயம் குறைந்தவை எனக் கருதப்பட்டு, அவற்றுக்கு 25 வருஷ ஆயுள் என்று வைத்துக் காற்று வேகத்தைக் குறைத்துக்கொள்ள அது இடமளிக்கிறது. 50 மீட்டருக்கு அக்குறைப்பு பத்தில் ஒரு பங்கு, அதாவது 45 மீட்டர். வேகம் பத்தில் ஒன்று குறைந்தால் அழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று குறைந்துவிடும். தொழிற்சாலைக்காரர் இதைக் கொண்டு எஃகைக் குறைத்தால் அது சட்ட விரோதம் அன்று. கேட்காதவரிடம் அவர் சொல்லவேண்டும் என்பதும் இல்லை. ஆயினும் ஒரு போகத்து விளைவு முழுவதும், கடனில் வாங்கிய இயந்திரமும், உள்ளே வேலை செய்யும் ஆட்களும் உள்ள ஒரு கட்டடத்தை அபாயம் குறைந்தது என்று எண்ணுவது நியாயமாகாது. கடற்கரை ஜில்லாக்களில் உள்ளவர்கள் இச்சலுகையை மறுத்து, சாதாரணக் கட்டடங்களுக்குரிய 50 வருஷக் கணக்கையே எழுத்து மூலம் கேட்கவேண்டும். அதனால் ஏறும் விலை, கூரை பறந்தபின் நனையும் நெல்லின் விலைக்கு முன் அற்பம்.

திறப்புகளைப் பற்றியும் முன்னதாகவே உண்மையைச் சொல்லிவிடவேண்டும். நாற்புறமும் மூடிய கட்டடத்தில் உள்ளழுத்தம் சொற்பம். சுவர்ப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் திறந்திருந்தால், தரநிலைப்படி அது மூன்றரை மடங்காகிறது. அப்போது காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து தள்ளும், மேலிருந்தும் உறிஞ்சும். ‘இப்போது மூடியதாய்ப் போடுங்கள், பிறகு டிராக்டர் நுழைய ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன்’ என்பவர் வேறொரு கட்டடத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு மற்றொன்றில் இருக்கிறார். வழியை மறிக்கிறதென்று தூண்களுக்கிடையே உள்ள குறுக்குக் கம்பியைக் கழற்றுவதும் அவ்விதமே. கூரைமேல் சூரியத் தகடுகள் வைக்கும் உத்தேசம் இருந்தால் அதையும், பின்னால் நீளத்தைக் கூட்டும் எண்ணம் இருந்தால் அதையும் முதற் கடிதத்திலேயே எழுதுவது நலம். கடைசிச் சட்டத்தை அதற்கேற்பச் செய்வது தொழிற்சாலையில் எளிது, வயலில் கடினம்.

தகட்டைப் பற்றிச் சில வார்த்தைகள். பூச்சோடு சேர்த்த கனம் வேறு, உள்ளிருக்கும் எஃகின் கனம் வேறு. விலைச்சீட்டில் ‘0.50’ என்றிருந்தால் அது எந்தக் கனம் என்று கேட்கவேண்டும். துத்தநாகப் பூச்சும், அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சும் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று குறிக்கப்படும். அவ்வெண்ணும் சீட்டில் இருக்கவேண்டும். பொட்டாஷ் முதலிய உர மூட்டைகளை இரும்புத் தூணின்மேல் சாய்த்து வைப்பதும், மாட்டுத் தொழுவத்தையும் கருவிக் கொட்டகையையும் ஒன்றாக்குவதும் துருவை வரவழைக்கும் வழிகள். அலுமினியம் கலந்த பூச்சுள்ள தகடு ஈரச் சிமெண்டைத் தொட்டால் அரிக்கப்படும். ஆகவே மூன்றடிச் செங்கற் சுவர் எழுப்பி, தகட்டை அதன்மேல் தொடாதபடி முடிப்பது நல்லது. எலிக்கும் அது தடையாகும்.

டெல்டாவின் களிமண் கோடையில் வெடித்து மழையில் உப்பும் இயல்புடையது. வெடிப்பு எட்டும் ஆழத்துக்குக் கீழே கடைக்கால் போகவேண்டும். தரைமட்டத்தை ஊரார் நினைவிலுள்ள பெருவெள்ளத்துக்கு மேல் உயர்த்தவேண்டும். தொழிற்சாலை தரும் போல்ட்டு வரைபடம் கைக்கு வருமுன் கொத்தனாரைக் கான்கிரீட்டு இடச் செய்வது பெரும்பிழை. அரை அங்குலம் பிசகினால் தூண் உட்காராது, பின்பு துளையைத் தீயால் அகலப்படுத்தி எல்லாவற்றையும் கெடுப்பார்கள். 40 அடிக்கு 30 அடிக் கட்டடத்தில் மூலைக்கு மூலை சரியாய் 50 அடி இருக்கவேண்டும். இரு மூலைவிட்டங்களையும் உரிமையாளரே நாடா பிடித்து அளந்து பார்ப்பது கௌரவக் குறைவன்று.

கிராம அதிகாரிகளின் பங்கும் இதில் சிறிதன்று. பட்டாவும் புலப்படமும் ஒத்திருக்கின்றனவா, மூலையொன்று வாய்க்கால் புறம்போக்கில் விழுகிறதா, மேலே மின்கம்பி செல்கிறதா என்பவற்றைக் கொட்டகை எழுந்தபின் நோட்டீசு மூலம் சொல்வதைவிட, குழி வெட்டுமுன் ஒரு மாலை நேரம் இடத்தில் வந்து சொல்வது கிராம நிர்வாக அலுவலர் ஊருக்குச் செய்யும் பேருபகாரம். கட்டட அனுமதியும் 2019-ஆம் வருஷத்திய தமிழ்நாடு ஒருங்கிணைந்த அபிவிருத்தி மற்றும் கட்டட விதிகளின் பிரகாரம் முன்னதாகவே பெறவேண்டியது. 2020-ல் மத்திய சர்க்கார் ஏற்படுத்திய விவசாய உள்கட்டமைப்பு நிதியில் சேமிப்புக் கிடங்கு முதலியவற்றுக்கு 2 கோடி ரூபாய்வரையிலான கடனில் வட்டி 3 சதவிகிதம் தள்ளிக் கொடுக்கப்படுகிறது. தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களும் இதைப் பெறலாம். ஐந்து ஏக்கருக்கும் பத்து ஏக்கருக்கும் தனித்தனிக் கொட்டகை போட்டுக் கடன்படுவதைவிட, பங்காளிகள் நால்வர் ஒரு கொட்டகையில் சேர்வதே உசிதம். பங்காளிகள் ஒரு பூட்டுக்கு ஒப்புக்கொள்வது அருமை என்பது தெரிந்த விஷயந்தான். நடுவே தட்டிச்சுவர் வைத்து நாலு கதவு போட எஃகுக் கொட்டகையில் தடை இல்லை.

விலைச்சீட்டில் கேட்கவேண்டியவை எஃகின் மொத்த எடை கிலோவில், காற்று வேகமும் ஆயுட்கணக்கும், தகட்டின் கனமும் பூச்சும், இஞ்சினீயர் கையொப்பமிட்ட வரைபடம், அஸ்திவாரம் யார் பொறுப்பு என்பது. இவை இல்லாத சீட்டை, எத்தனை குறைந்த விலையானாலும், திருப்பி அனுப்பவேண்டும். பணத்தில் ஒரு பங்கைக் குறுக்குக் கம்பிகள் முழுவதும் பூட்டிய பிறகு கொடுப்பதென்று நிறுத்தி வைப்பது நலம். அவசரத்தில் விட்டுப்போவது பெரும்பாலும் அவைதாம். கட்டி முடிந்த பின்னும் வருஷந்தோறும் புரட்டாசி மாதத்தில், வடகிழக்குப் பருவமழை இறங்குமுன், ஏணி வைத்து ஏறிக் கூரைத் திருகாணிகளின் ரப்பர் வளையங்களைப் பார்த்து, வெடித்தவற்றை மாற்றி, தூணடி போல்ட்டுகளை ஒருமுறை முடுக்கிவிடவேண்டும்.