செஞ்சியைத் தாண்டிப் பிரான்ஸுக்கு

எங்கள் கீழ்பென்னாத்தூரில் இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது. சனிக்கிழமை காலையில் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போவது. ஞாயிறு இரவு திரும்பி வந்து, பிரான்ஸைப் பார்த்துவிட்டதாகச் சொல்வது. அடுத்த வீட்டுப் பிள்ளையாண்டான் சென்ற மாதம் போய் வந்தான். "பாரீஸ் மாதிரியே இருந்தது, ஸார்!" என்றான். அவன் பாரீஸைப் பார்த்ததில்லை; நானும் பார்த்ததில்லை. ஆகவே விவாதத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

கைப்பேசியில் படங்களைக் காட்டினான். மஞ்சள் சுவர், அதன்மேல் காகிதப்பூக் கொடி, அதன்முன் அவன். இன்னொரு மஞ்சள் சுவர், மறுபடியும் அவன். ஒரு படத்தில் மட்டும், கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றியிருக்கும் உயரமான கல்தூண்களுக்கு அருகே நின்றிருந்தான்.

"இந்தத் தூண் எந்த ஊர், தெரியுமா?" என்று கேட்டேன்.

"பிரெஞ்சுக்காரன் வைத்ததுதானே, ஸார்?"

கொண்டுவந்தவன் பிரெஞ்சுக்காரன்தான், தூண் நம்முடையது. நம் பக்கத்து ஊராகிய செஞ்சியிலிருந்து போனது. 1750இல் புஸ்ஸியின் படை செஞ்சிக் கோட்டையைப் பிடித்தது. 1761 வரை அது பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. பையனின் பஸ் அந்தக் கோட்டை மலைகளை ஒட்டித்தான் போயிற்று. அப்போது அவன் தூங்கிக்கொண்டிருந்தானாம்!

அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஊரைக் காட்டுகிறவர்கள்மேல்தான் கோபம். புதுச்சேரியை ஒரு கால்வாய் இரண்டாகப் பிரிக்கிறது. கடல் பக்கம் வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம் என்று அந்தக் காலத்தில் பெயர். பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1ஆம் தேதி முடிந்தது. 1962இல் சட்டப்படியும் கைமாறியது. ஆனால் 'ஒயிட் டவுன்' என்ற பெயரை மட்டும் நாம் கைவிடவில்லை. ஹோட்டல் விளம்பரத்தில் அதைப் பெருமையோடு போட்டுக்கொள்கிறோம். ஒரு காலத்தில் நம்மை ஒதுக்கி வைத்த பெயருக்கு, இன்று நாமே கூடுதல் வாடகை கொடுக்கிறோம்.

கால்வாய்க்கு மேற்கே என்ன இருக்கிறது? பெரிய மார்க்கெட்டுக்கு அருகில் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இருக்கிறது. கீழே நம் ஊர் மரத்தூண்கள். மாடியில் பிரெஞ்சுப் பாணித் தூண்கள். டூப்ளேக்குத் துபாஷாக இருந்த பிள்ளை 1736 முதல் நாட்குறிப்பு எழுதினார், தமிழில். 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதையும் அதில் எழுதி வைத்தார். 1761 ஜனவரியில் அவர் காலமான சில நாட்களிலேயே ஊர் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அவர்கள் அதைத் தரைமட்டமாக்கினார்கள். இன்று நாம் வியக்கும் மஞ்சள் சுவர்கள் அதற்குப் பிறகு எழுந்தவை. டூப்ளேயின் ஊரைப் பார்க்க வேண்டுமானால் பிள்ளையின் தமிழுக்குத்தான் போகவேண்டும்.

"இரண்டு நாள் சந்தோஷமாக இருக்கப் போகிறவனுக்குப் பாடம் நடத்த வேண்டுமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. காப்பி குடிக்கட்டும், கடற்காற்று வாங்கட்டும். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் யாரும் பார்க்காத வீடு நிலைப்பதில்லை. கடற்கரையில் மேரி கட்டடம் 2014இல் இடிந்து விழுந்தது. பழைய உருவிலேயே மறுபடி கட்டி எழுப்பினார்கள். நல்ல காரியம். வைசியாள் வீதியில் இன்டாக் அமைப்பு, திண்ணையும் தாழ்வாரமும் உள்ள தமிழ் வீடுகளின் முகப்பைச் சீர்படுத்திக் காட்டியது. அதுவும் நல்ல காரியம். ஆனால் மற்றத் தெருக்களில் ஒரு திண்ணை வீடு விழுந்தால் அங்கே கான்கிரீட் மாடிதான் முளைக்கிறது. படம் எடுக்க ஆள் வராத இடத்தில் பழைய வீட்டைக் காப்பாற்றச் சொந்தக்காரருக்கு என்ன ஆசை இருக்கும்?

ஆகவே எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இரண்டே வார்த்தை: செஞ்சி வரும்போது விழித்திருங்கள். புதுச்சேரியில் கால்வாயைத் தாண்டி மேற்கே நடங்கள். அதற்குப் பாஸ்போர்ட் தேவையில்லை.