ஐந்தாம் நாளும் அந்த வைத்தியசாலை இருக்க வேண்டும்

2025 ஜூன் 1ஆம் திகதி காஸாவின் ரஃபாவிலுள்ள சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் கள வைத்தியசாலைக்கு 179 பேர் கொண்டுவரப்பட்டனர். 21 பேர் வரும்போதே மரணித்திருந்தனர். பெரும்பாலானோருக்குத் துப்பாக்கிச் சூடு அல்லது குண்டுச் சிதறல் காயங்கள். உதவி விநியோக நிலையத்துக்குச் செல்ல முயன்றபோதே காயமடைந்ததாக அவர்கள் கூறினர். அவ்வைத்தியசாலையில் அப்போது இருந்தவை 60 கட்டில்கள்.

எண்ணிக்கையை வாசித்துவிட்டு நாம் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். உயிர் தப்பியவரின் சோதனை அதன் பிறகுதான் ஆரம்பிக்கிறது. புய என்பில், அதாவது தோளுக்கும் முழங்கைக்கும் இடையிலுள்ள எலும்பில், சூடு பட்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம்.

சன்னம் எலும்பை நொறுக்குவதோடு உடைத் துணியையும் அழுக்கையும் காயத்துக்குள் கொண்டுசெல்கிறது. எனவே வைத்தியர் முதலில் மணிக்கட்டில் நாடித்துடிப்பைப் பார்க்கிறார். பின்னர் இறந்த தசையை வெட்டி அகற்றி, காயத்தை நன்கு கழுவுகிறார். ஏற்பு ஊசியும் அன்டிபயோட்டிக் மருந்தும் கொடுக்கப்படும். ஆனால் காயத்தைத் தைக்க மாட்டார். அன்றே தைத்து மூடினால் உள்ளே கிருமி பெருகும். சுமார் ஐந்து நாட்களின் பின், காயம் சுத்தமாக இருந்தால் மட்டுமே தையல். உள்ளே உலோகத் தகடு பொருத்துவதும் கிருமித் தொற்றுக்கு வழிவகுக்கும் என்பதால் கள வைத்தியசாலைகளில் அது தவிர்க்கப்படுகிறது. பெரும்பாலும் பிளாஸ்டர் வைத்துக் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினாலே போதும். காயம் பெரிதாயின், வெளியிலிருந்து கம்பிகளால் எலும்பு பிடித்துவைக்கப்படும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆரை நரம்பு இந்த எலும்பைச் சுற்றியே செல்கிறது. அது பாதிக்கப்பட்டால் மணிக்கட்டை உயர்த்த முடியாது, கை தொங்கிவிடும். நரம்பு அறுபடாதிருந்தால் பல மாதங்களில் குணமாகலாம். அதுவரை மணிக்கட்டுக்குத் தாங்கு கட்டும் விரல்களுக்குப் பயிற்சியும் தேவை. கரும்பலகையில் எழுதும் எனக்கு, மணிக்கட்டை உயர்த்துவது சிறிய விடயமல்ல என்பது தெரியும்.

இச்சிகிச்சையில் விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் பிரதானமில்லை. சுத்தமான நீர், துணிக்கட்டு, பிளாஸ்டர், மருந்து, காலம் ஆகியவையே வேண்டும். இவற்றைத்தான் முற்றுகை பறிக்கிறது. 2025 மார்ச் 2 முதல் ஏறத்தாழ 11 வாரங்கள் காஸாவுக்குள் உதவிப் பொருட்கள் செல்ல இஸ்ரேல் அனுமதிக்கவில்லை. 60 கட்டில்களுக்கு ஒரே நாளில் 179 பேர் வந்தால், ஐந்தாம் நாள் தையலுக்குக் காத்திருப்பவரை எங்கே கிடத்துவது? இடம்பெயர உத்தரவிடப்பட்டவர் எவ்வாறு திரும்பி வருவார்?

ஆகவே எத்தனை லொறிகள் சென்றன, எத்தனை கூடாரங்கள் திறக்கப்பட்டன என்று மட்டும் கேட்பது போதாது. முதல் நாள் காப்பாற்றப்பட்டவருக்கு ஐந்தாம் நாளும் ஐந்தாம் மாதமும் சிகிச்சை கிடைக்கிறதா என்று கேட்போம். நமது குரலும், துஆவும், ஸதகாவும் செய்தி ஓய்ந்த பின்னரும் தொடர வேண்டியது அதற்காகத்தான்.