உழவனுக்கு ஈவது எவ்வாறு?

கார்த்திகை மழை பிறந்துவிட்டால் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளையும் இருவேறு கவலைகள் சூழும். எழுவான்கரையார்க்கு வீட்டு முற்றத்து வெள்ளம். படுவான்கரையார்க்கு வயல் வெள்ளம். 2024 கார்த்திகை இறுதியில் இவ்விரண்டும் ஒருங்கே வந்தன. அடுத்த ஆண்டு அதே மாத இறுதியில் ‘டித்வா’ புயல் வந்தது. நாடெங்கும் அறுநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இருமுறையும் ஈகைக்குக் குறைவில்லை. கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கடல் கடந்த நம்மவரிடமிருந்தும் பொதிகள் வந்து குவிந்தன. ஆயினும் அவை உழவனுக்கு உழவனாய் நிற்க உதவினவா என்பதே என் ஐயம்.

முதலில் என் பிழையைக் கூறிவிடுகிறேன். 2024 வெள்ளம் வடியத் தொடங்கிய கிழமையில், எம் மாணவர் வகுப்பு வகுப்பாய்த் திரட்டிய அரிசி, பருப்பு, பிசுக்கோத்து, உடுபுடைவை யாவற்றையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு, வவுணதீவுக்கு அப்பாலுள்ள ஓர் ஊருக்குச் சென்றோம். முதியவர் ஒருவர் பொதியை இரு கைகளாலும் வாங்கித் திண்ணையில் வைத்தார். எங்கள் எல்லோர்க்கும் தேநீர் தரச் செய்தார். பின்னர் என்னைத் தனியே அழைத்து, “அரிசி தந்தது சந்தோசம் ஐயா. தின்னக் கொஞ்சம் நெல்லு கிடக்கு. ரெண்டு மூடை விதைநெல்லுக்கு வழி பண்ணினா, களவெட்டியில அளந்து திருப்பித் தந்திருவன்” என்றார்.

வீட்டில் நெல் இருக்க, விதைநெல் கேட்பானேன் என்று உடன் வந்த மாணவன் வினாவினான். நகரத்துப் பிள்ளை, வினாவியதில் தவறில்லை. புரட்டாதி, ஐப்பசியில் விதைத்துத் தை, மாசியில் அறுப்பது எம் பெரும்போகம். கார்த்திகை முடிவில் இளம்பயிர் அழுகிற்றேல், இரண்டு மூன்று கிழமைக்குள் மறுமுறை விதைத்தாக வேண்டும். அதுவும் வயது குறைந்த இனமாக இருத்தல் வேண்டும். பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தார் ஆக்கித் தந்த ‘பீஜி 250’ ஏறத்தாழ எண்பது நாளில் விளைவது. உலைக்கென வைத்த நெல் இதற்கு உதவாது. மார்கழி நடுப்பகுதியைத் தாண்டினால், மழையையே நம்பிய மேட்டு வயலில் கதிர் முற்றுமுன் ஈரம் வற்றிவிடும்.

2011 தை வெள்ளமோ வேறு வகையது. அது கதிர் முற்றிய வேளையில் வந்தது. அன்று விதைநெல் கொடுத்துப் பயனில்லை; பட்ட கடனைத் தள்ளிப் போடுவதும் அடுத்த போகம் வரை சோற்றுக்கு வழிசெய்வதுமே உதவியாயின. இரண்டையும் ‘வெள்ள நிவாரணம்’ என்னும் ஒரே சொல்லால் வழங்குகிறோம். ஒரே பொதியைக் கட்டுகிறோம்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்பது நேர்மையாகாது. 2024இல் அழிந்த நெற்பயிர்க்கு ஏக்கருக்கு 40,000 ரூபா வரை இழப்பீடு அறிவிக்கப்பட்டது. அது ஈகையன்று, உரிமை. எனினும் வயலை அளந்து, அழிவை மதித்து, பதிவேட்டைப் பார்த்து வருவது அது. விதைப்பு நாள் அவ்வளவு பொறுத்திராது. குத்தகைக்கு வயல் செய்வோன் பெயர் பதிவேட்டில் இல்லையெனின் அவன்பாடு இன்னும் கடினம்.

இனி நாடுகளுக்கிடையிலான ஈகையை நோக்குவோம். 2021 ஏப்பிரிலில் அன்றைய அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்த முடிவு செய்தது. நவம்பரில் தடையை நீக்கிற்று. அதற்குள் பெரும்போகம் கெட்டது. மறு ஆண்டு நாடே பணமுடையில் வீழ்ந்தது. 2022 மே 18இல் தமிழ்நாட்டரசின் முதற் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. 40,000 தொன் அரிசியும் 500 தொன் பால்மாவும் மருந்தும் தருவதென்பது அவர்கள் ஏற்பாடு. பசித்த வேளையில் வந்த அவ்வரிசியை நன்றியோடு உண்டோம். ஆனால் வயலுக்கு வேண்டிய பசளை? 2023இல் ஐக்கிய அமெரிக்காவின் சர்வதேச அபிவிருத்தி முகவரகம், உணவு விவசாய நிறுவனத்தின் வழியாக 36,000 தொன் முச்சுப்பர்பொசுபேற்றுப் பசளை தந்தது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட நெல் விவசாயிகளை நோக்கிய உதவி அது. சிறந்த ஈகையே. ஆயின் 2025 யூலை முதலாந் தேதியோடு அம்முகவரகமே செயலொழிந்தது. நம் வயலோடு எவ்விதத் தொடர்புமற்ற காரணத்தால், வொசிங்டனில் ஒரு கை மடங்கிற்று.

வள்ளுவர் ஒப்புரவறிதலை 22ஆம் அதிகாரமாகவும் ஈகையை 23ஆம் அதிகாரமாகவும் பிரித்து வைத்தார். ஈகை, இல்லாதவனுக்குக் கொடுத்தல். ஒப்புரவோ ஊரோடு உடன்வாழ்வோன் ஊர்க்குச் செய்யும் கடப்பாடு. உழவு அதிகாரத்திலோ உழவனைக் கையேந்தாதவனாகவும், கையேந்தி வந்தவனை வெறுங்கையோடு அனுப்பாதவனாகவும் காட்டுகிறார். அம்முதியவர் கேட்டது ஈகையன்று, ஒப்புரவு என்பதை அன்று வண்டியில் திரும்பும்போதுதான் உணர்ந்தேன். ‘திருப்பித் தந்திருவன்’ என்றாரன்றோ! கோயிலுக்கும் குடிமைகளுக்கும் களத்திலேயே நெல் அளந்து கொடுத்தபின் வீட்டுக்கு நெல் ஏற்றிய மரபில் வந்தவர் அவர்.

பழைய போடியார் காலத்து விதைநெற் கடனை யான் புகழ்வதாக எவரும் கொள்ளற்க. அதில் ஒன்றுக்கு ஒன்றரை அளந்து அழிந்த குடும்பங்கள் உண்டு. வட்டியற்ற விதைநெல் ஊர்க் கமக்காரர் அமைப்பின் பொறுப்பில் ஐப்பசியிலேயே இருத்தல் வேண்டும் என்பதே என் கருத்து. வெள்ளத்தின் பின் திரட்டும் பணம் விதைப்புக்கு எட்டுவதில்லை.

இன்னுமொன்று. 2025 பெப்ரவரி 5ஆம் நாள் அரசு நெல்லுக்கு உத்தரவாத விலை அறிவித்தது: நாடு கிலோ 120 ரூபா, சம்பா 125, கீரிச்சம்பா 132. கிழக்கில் அறுவடை தொடங்கிய பின்னரே இவ்வறிவிப்பு வந்தது. கடன்காரன் களவெட்டியில் நிற்க, விலை வரும்வரை நெல்லைக் காத்து வைக்க எவரால் இயலும்? உதவும் மனமுடைய சங்கங்கள் தை மாதத்திலேயே படுவான்கரை நெல்லை நியாய விலைக்கு வாங்கிக் குத்தி வைத்தால், அடுத்த வெள்ளத்தில் பொதி கட்ட அவ்வரிசியே உதவும். நாம் அன்று கொண்டு சென்ற அரிசியோ நகரத்துக் கடையில் வாங்கியது. எந்த ஊர் வயலில் விளைந்ததென்று யான் மூடையைப் பார்க்கவுமில்லை.

அம்முதியவர்க்கு அவ்வாண்டு விதைநெல் கிடைக்கவில்லை. யாம் தேடித் திரிவதற்குள் நாள் கடந்தது. வயல் புல்லாய்க் கிடந்தது. 2025 ஐப்பசியில் மாணவர் பணந்திரட்டிப் பதினொரு மூடை வாங்கி, அவ்வூர்க் கமக்காரர் அமைப்பிடம் ஒப்படைத்தனர். டித்வாவின் பின் ஏழு மூடை எடுக்கப்பட்டன. அவற்றுள் இரண்டு அவருக்கு. பங்குனி முடிவில் ஆறு மூடை அளந்து சேர்க்கப்பட்டன. ஏழாம் மூடைக்குரியவர் வயல் இரண்டாம் முறையும் நீரில் போயிற்றாம். அடுத்த போகத்தில் தருவதாகச் சொல்லி அனுப்பியுள்ளார். கொப்பியில் அவர் பெயரை மாணவர் அடிக்காமல் வைத்திருக்கின்றனர்.