அமைதி பேச யாரைக் கூப்பிடுகிறீர்கள்?

கூடுவாஞ்சேரி ரயில் நிலைய வாசலில் அக்டோபர் 10 அன்று துண்டறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தோம். காரணை நினைவு நாள். வாங்கிப் படித்த ஒரு கல்லூரித் தம்பி திரும்பி வந்தார். "அண்ணே, நானும் காலனிதான். இது நான் பொறக்கிறதுக்கு முன்னாடி நடந்தது. இப்ப ஊரு அமைதியா இருக்கு. எதுக்குக் கிளறணும்?" என்றார். குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. அதற்குள் செங்கல்பட்டு வண்டி வந்துவிட்டது, ஓடிப்போய் ஏறிக்கொண்டார். அவருக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

தம்பி, நீங்கள் ஏறிய வண்டி போய் நிற்கிற அதே செங்கல்பட்டில்தான் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் செத்தார்கள். அவர்கள் கேட்டது பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் வெள்ளைக்கார அரசே நம் மக்களுக்கென்று ஒதுக்கிய நிலம். மற்றவர் வாங்கவே கூடாது என்று நிபந்தனை போட்ட நிலம். அது கைமாறிப் போனபோது எந்த அதிகாரிக்கும் அமைதி கெட்டதாகத் தெரியவில்லை. காரணை மக்கள் நிலத்தைத் திருப்பிக் கேட்டு அங்கே அம்பேத்கர் சிலையை நட்டதும் கெட்டுவிட்டது. சிலையை அகற்றினார்கள். நியாயம் கேட்டுத் திரண்டவர்களைச் சுட்டார்கள். பட்டப்பகலில், ஊரறியக் கூடி நின்று, சட்டப்படி உள்ளதைக் கொடு என்று கேட்டவர்கள் கலகக்காரர்களாம்!

இந்த நாட்டில் 'அமைதி' என்ற சொல்லுக்குச் சேரி வாயை மூடிக்கொண்டிருப்பது என்றுதான் அர்த்தம். ஒரு கிராமத்தில் பிரச்சினை என்றால் ஆர்.டி.ஓ. அமைதிப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடுவார். அடித்தவனும் அடிபட்டவனும் அங்கே 'இரு தரப்பு' ஆகிவிடுவார்கள். விட்டுக்கொடுங்கள் என்று நம் பக்கம் திரும்பித்தான் சொல்வார்கள். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோவிலுக்குள் போன தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். பேசினார்கள், பேசினார்கள், கடைசியில் ஜூன் மாதம் கோவிலுக்கே சீல் வைத்தார்கள். தடுத்தவர்களை அப்புறப்படுத்த முடியாத அரசு அம்மனைப் பூட்டியது. நம் மக்கள் மறுபடி உள்ளே போக 2025 ஏப்ரல் ஆனது, அதுவும் போலீஸ் காவலோடு.

அப்படியானால் பேச்சுவார்த்தைக்கே போகக் கூடாதா? போக வேண்டும். இமானுவேல் சேகரன் போனார்.

1957இல் முதுகுளத்தூர் வட்டாரம் பற்றி எரிந்துகொண்டிருந்தது. செப்டம்பர் 10 அன்று ராமநாதபுரம் ஆட்சியர் பணிக்கர் அமைதிக் கூட்டம் கூட்டினார். ராணுவத்திலிருந்து திரும்பி வந்திருந்த இமானுவேலுக்கு அப்போது 32 வயது. அவர் எம்.எல்.ஏ. இல்லை, எந்தப் பதவியிலும் இல்லை. தன் மக்களின் பிரதிநிதியாகப் பெரிய தலைவர்கள் இருந்த அவைக்குள் போனார், சமமாக உட்கார்ந்தார், சமமாகப் பேசினார். சண்டை நிற்க வேண்டும் என்றுதான் பேசினார். மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார்.

அவர் அமைதி கேட்டதற்காகக் கொல்லப்படவில்லை. சமமாக உட்கார்ந்து கேட்டதற்காகக் கொல்லப்பட்டார். கும்பிட்டுக் கேட்டிருந்தால் யாரும் அவரைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்றே நான் நினைக்கிறேன். ஒவ்வொரு செப்டம்பர் 11க்கும் பரமக்குடிக்கு வண்டி கட்டிப் போகிற நாம் அவரை வீரர் என்கிறோம், சரிதான். ஆனால் கொல்லப்படுவதற்கு முந்தைய நாள் அவர் உட்கார்ந்திருந்தது ஓர் அமைதிக் கூட்டத்தில் என்பதை எந்த பேனரிலும் நான் பார்த்ததில்லை.

நம் மீதும் குறை இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். மேடையில் கர்ஜிக்கிறோம், ரீல்ஸ் போடுகிறோம். ஊர்த்தெருவிலிருந்து ஒரே ஒருவரை, "எங்க ஆளுங்க செஞ்சது தப்பு" என்று சொல்லக்கூடிய ஒருவரை, நம் பந்தலுக்குக் கூட்டிவர எத்தனை பேர் முயற்சி செய்தோம்? அப்படிப்பட்டவர்கள் இல்லாமல் இல்லை. தனியாகப் பார்த்தால் கையைப் பிடித்துக்கொண்டு வருத்தப்படுகிறார்கள். விடுதி அறையில், டீக்கடை ஓரத்தில், நான் சாதி பார்க்க மாட்டேன் மச்சான் என்கிறார்கள். அந்த வார்த்தையை அவர்கள் சொல்ல வேண்டிய இடம் நம் காது அல்ல, அவர்களுடைய தெரு. அவர்களுடைய சித்தப்பாவும் மாமாவும் உட்கார்ந்திருக்கிற திண்ணை. அங்கே பத்துப் பேர் வாய் திறந்தால் ஆர்.டி.ஓ.வின் 'இரு தரப்பு' கணக்கு அன்றைக்கே உடைந்துபோகும். அது அவர்களுக்கும் சும்மா கிடைக்காது, வீட்டில் சோறு கிடைக்காமல் போகலாம், தெரியும். நம் பக்கம் கொடுத்த விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

தம்பி, உங்கள் பயத்தை நான் கேலி செய்யவில்லை. உங்களைத் தனியாக நிற்கவும் சொல்லவில்லை. அடுத்த அக்டோபர் 10 மாலையிலும் அதே ரயில் நிலைய வாசலில் இருப்போம். வகுப்பில் உங்கள் பக்கத்தில் உட்கார்கிற, ஊர்த்தெருவைச் சேர்ந்த அந்த நண்பரையும் கூட்டி வாருங்கள். துண்டறிக்கையில் பாதிக் கட்டை அவர் கையில் கொடுப்போம்.